சட்டைப் பையில் பாக்கு பொட்டலம்

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 43 வயது, நாமக்கல் பக்கம். என் வீட்டுக்காரருக்கு 49. சொந்தமாக லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். இருபது வருஷமாக வாயில் பொட்டலப் புகையிலை அடக்கும் பழக்கம். போன வருஷம் இடது கன்னத்தின் உள்பக்கம் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். தாடையில் ஒரு பகுதியோடு எடுத்துவிட்டு, நெஞ்சிலிருந்து சதை எடுத்து வைத்துத் தைத்தார்கள். கழுத்தில் கட்டிகளையும் எடுத்தார்கள். பிறகு சென்னையில் ரூம் எடுத்துத் தங்கி 30 நாள் கரண்ட் (கதிர் சிகிச்சை) வைத்தோம், வாரம் ஒரு கீமோ. எல்லாம் முடிந்து பதினோரு மாதம் ஆகிறது.

செக்கப்பில் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். வீட்டில் நன்றாக இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுகிறார். எப்போதும் முகத்தில் துண்டு. டிவியைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைக்கிறார், நான் கூப்பிட்டால் திரும்புவதில்லை. பகலெல்லாம் தூக்கம், குளிருது என்று வெயில் காலத்திலும் போர்த்திக்கொள்கிறார். ராத்திரி திண்ணையில் படுக்கிறார். பட்டறைக் கணக்கு, கடன்காரர்கள், பையன் ஃபீஸ் எல்லாம் நான்தான் பார்க்கிறேன், அவருக்கு எதையும் தெரியவிடுவதில்லை. ஒரு நாள் “நான் போய்ச் சேர்ந்திருந்தா உங்களுக்கெல்லாம் நிம்மதி” என்றார். போன வாரம் துவைக்க எடுத்த சட்டைப் பையில் பாக்கு பொட்டலம் இருந்தது. அன்றிலிருந்து நான் அவரிடம் பேசவில்லை. மாமியார் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருக்கிறார். பெண்ணுக்கு வரன் வருகிறது, அப்பாவுக்கு இந்த நோய் என்று சொல்லாதே என்கிறார்கள். குழந்தை மாதிரி பார்த்துப் பார்த்துக் காப்பாற்றினேன். எனக்கு நோயாளி வேண்டாம் மேடம், என் வீட்டுக்காரர் வேண்டும். நாங்கள் புருஷன் பொண்டாட்டியாக இருந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இதைக் கேட்பது தப்பா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தப்பில்லை. புற்றுநோய்ப் பிரிவில் மனநல ஆலோசகராக உட்கார்ந்திருக்கும் என்னிடம் நோயாளியின் மனைவிமார் கஞ்சியைப் பற்றிக் கேட்பார்கள், செலவைப் பற்றிக் கேட்பார்கள். இதைக் கேட்கும்போது மட்டும் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பார்கள். உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதைவிட அவசரமான ஒன்று கடிதத்தின் நடுவில் இருக்கிறது.

“நான் போய்ச் சேர்ந்திருந்தா” என்று அவர் சொன்னதை நீங்கள் மற்ற குறைகளோடு ஒன்றாக எழுதிவிட்டீர்கள். என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. புற்றுநோய் வந்தவர்களிலேயே வாய், தொண்டை, முகத்தில் வந்தவர்களுக்குத் தற்கொலை அபாயம் கூடுதல் என்பது பல நாடுகளில் பார்த்துத் தெரிந்துகொண்ட விஷயம். சாப்பாடு, பேச்சு, முகம் என்று மனுஷனை நாலு பேரோடு சேர்த்து வைக்கிற மூன்றிலும் ஒரே சமயத்தில் அடி விழுகிறது. அதனால் இன்றைக்கே, பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்து, அவர் எதிரே உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: “அன்னிக்கு அப்படிச் சொன்னீங்களே, செத்துப் போயிரலாம்னு நெனப்பு வருதுங்களா? எப்படின்னு ஏதாவது யோசிச்சு வச்சிருக்கீங்களா?”

இப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிடுவோமோ என்று எல்லாருக்கும் பயம். அப்படி ஆவதில்லை. ஒருத்தி கேட்டுவிட்டாள் என்பதே பல பேருக்கு மூச்சுவிட இடம் கொடுக்கிறது. அவர் ஆமாம் என்றாலும், ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாலும், தனியாக விடாதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். ராத்திரி நேரம் என்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது, அவருக்குப் பதில் நீங்கள் பேசினாலும் வழி சொல்வார்கள். வீட்டில் பூச்சிமருந்து, பட்டறையின் தின்னர், மிச்சம் கிடக்கும் வலி மாத்திரை எது இருந்தாலும் பூட்டிவிட்டுச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். “சும்மா வெறுப்புல சொன்னேன்” என்று அவர் சொல்லிவிட்டாலும் அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் அந்த வார்த்தையை அப்படியே சொல்லுங்கள்.

இனி அவர் மாறிப்போனார் என்று நீங்கள் எழுதியதில் எவ்வளவு மனசு, எவ்வளவு உடம்பு என்று பிரித்துப் பார்ப்போம். எனக்கென்னவோ பாதி உடம்பாகத்தான் தெரிகிறது.

டிவி சத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாராவாரம் போட்ட கீமோ என்ன மருந்து என்று ஃபைலைப் பாருங்கள். கரண்டோடு சேர்த்துக் கொடுப்பது பெரும்பாலும் சிஸ்பிளாட்டின் என்ற மருந்துதான். அதற்குக் காதைப் பாதிக்கும் குணம் உண்டு. பெரும்பாலும் முழுச் செவிடாக ஆக்குவதில்லை, முதலில் மெல்லிய கீச்சுக் குரல்களைத்தான் எடுத்துக்கொண்டு போகும். பெண்கள், குழந்தைகள் பேசுவது தெளிவில்லாமல் போய்விடும், பக்கத்து வீட்டு ஆம்பளைக் குரல் கேட்கும். சமையல்கட்டிலிருந்து நீங்கள் கூப்பிட்டு அவர் திரும்பாத ஒவ்வொரு தடவையும் ‘என்னை மதிக்கவில்லை’ என்று உங்கள் மனசில் ஏறியிருக்கும். கேட்டே இருக்காது என்பதற்கு நிறையவே வாய்ப்பு இருக்கிறது. காதுக்குள் ‘ஙொய்’ என்று சத்தம் வருகிறதா என்றும் கேளுங்கள். ஆடியோகிராம் என்ற காது பரிசோதனையில் தெரிந்துவிடும். போன கேட்கும் திறன் திரும்பாவிட்டாலும் காது மெஷின் உதவும். அதுவரை முகத்துக்கு நேரே வந்து, கொஞ்சம் தாழ்ந்த குரலில் பேசுங்கள். கத்த வேண்டாம், கத்தினால் குரல் இன்னும் கீச்சென்றுதான் ஆகும்.

அடுத்து அந்தத் தூக்கம், குளிர், போர்வை. கழுத்துக்குக் கரண்ட் வைக்கும்போது தைராய்டு சுரப்பியும் அந்த வழியில்தான் இருக்கிறது. மாதங்கள் போகப் போக அதன் சுரப்பு குறைந்துவிடுவது சகஜம். குறைந்தால் அசதி, குளிர், மலச்சிக்கல், எதிலும் பிடிப்பில்லாமை, காரணமில்லாத சோகம் எல்லாம் வரும். பார்க்கிறவர்களுக்கு அது மனச்சோர்வு மாதிரியே இருக்கும். டிஎஸ்எச் என்று ஒரு ரத்தப் பரிசோதனை போதும். கழுத்தில் கரண்ட் வைத்தவர்களுக்கு ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு தடவை இதைப் பார்க்க வேண்டும். குறைவு என்று வந்தால் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். மூன்று மாதம் மனசுக்குக் கவுன்சலிங் கொடுத்துக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு தைராய்டைக் கண்டுபிடிப்பதைவிட முதலிலேயே பார்ப்பது நல்லது. அதனால் என்னிடம் வருகிறவர்களை முதலில் லேபுக்குத்தான் அனுப்புவேன்.

தைராய்டு சரியாக இருந்து, இந்த மந்தம் மட்டும் தொடர்ந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கும் மாத்திரை இருக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: மனசுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் வாயை உலர்த்தும். ஏற்கெனவே எச்சில் வற்றிப்போன வாய் அவருடையது. மனநல மருத்துவரிடம் கரண்ட் வைத்த விவரத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் அதற்கு ஏற்றதாக எழுதுவார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை மாதிரி பெரிய இடங்களில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. நீங்கள் போகும் ஆஸ்பத்திரியிலும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது அந்தப் பொட்டலம்.

அது வெறும் பாக்கா, புகையிலை கலந்ததா என்று கவரைப் படித்துப் பாருங்கள். வெறும் பாக்கு என்றால் அவர் “புகையிலையத் தொடல, பாக்குதான்” என்பார். அந்தச் சமாதானம் செல்லாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, புகையிலை சேராத பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004-லேயே அறிவித்துவிட்டது. கரண்ட் வைத்த வாயில் வாய் திறப்பு குறைவதற்கும் பாக்கு துணை போகும். புகையிலைதான் என்றால் சொல்லவே வேண்டாம்: நோய் திரும்புவதற்கும், வாயில் வேறொரு இடத்தில் புதிதாக வருவதற்கும் அபாயம் கூடுகிறது. திரும்புகிறவர்களில் பெரும்பாலோருக்கு முதல் இரண்டு வருஷத்துக்குள் திரும்பிவிடுகிறது. உங்கள் வீட்டில் அந்த இரண்டு வருஷம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. (2013-இலிருந்து தமிழ்நாட்டில் குட்காவுக்குத் தடை இருக்கிறது. தடை இருக்கும் ஊரில் அவர் திண்ணையை விட்டு எழுந்து போய் எங்கே வாங்கினார் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும்.)

ஆனால் நீங்கள் பேசாமல் இருப்பது வேலைக்கு ஆகாது. பேசாதவளின் கோபம் புரிய வேண்டுமென்றால் எதிரே இருப்பவர் காது நன்றாகக் கேட்கிறவராகவும் தன்னைப் பற்றி நல்லபடியாக நினைப்பவராகவும் இருக்க வேண்டும். ‘நான் இருப்பதே இவளுக்குப் பாரம்’ என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு உங்கள் மௌனம் அதற்குச் சாட்சியாகத்தான் படும். கோபத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். சாவின் விளிம்புவரை போய் வந்தவரிடம் எப்படிக் கோபப்படுவது என்று இத்தனை நாள் அடக்கி வைத்திருக்கிறீர்கள். நோய் கண்டுபிடித்த அன்றைக்கு ‘எத்தனை வாட்டி சொன்னேன்’ என்று தொண்டைவரை வந்து விழுங்கிய கோபமும் அதற்குள் இருக்கும். அவர் மேல் நீங்கள் கோபப்படலாம். புற்றுநோய் வந்ததால் அந்த உரிமை போய்விடாது. முதலில் கேட்கச் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டு, அபாயம் இல்லை என்று தெரிந்த பிறகு, ஒரே ஒரு தடவை, முழுசாகச் சொல்லுங்கள். “இந்தப் பாக்கப் பாத்ததும் எனக்கு வயிறு எரிஞ்சுதுங்க. கரண்ட் ரூம் வாசல்ல உட்கார்ந்து கெடந்தது எதுக்குன்னு ஆயிருச்சு. நீங்க இல்லாம என்னால முடியாது, அதான் கோபம். இத நிறுத்த என்ன பண்ணணும்னு ரெண்டு பேரும் சேந்து பாக்கலாம்.” அதற்குப் பிறகு தினமும் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பதையும், வாயை முகர்ந்து பார்ப்பதையும் விட்டுவிடுங்கள். வேவு பார்க்கும் வீட்டில் பொட்டலம் வேறு இடத்துக்குப் போகும், நிற்காது.

நிறுத்துவதற்கு உதவி இருக்கிறது. 1800-11-2356 என்பது புகையிலை நிறுத்த மத்திய அரசு நடத்தும் இலவச எண். பேசச் சிரமப்படுவார் என்பதால் ஸ்பீக்கரில் போட்டு நீங்கள் பக்கத்தில் இருங்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எடுத்துச் சொல்லலாம். நிகோடின் சூயிங்கம் வாங்கிக் கொடுக்காதீர்கள், உலர்ந்த வாய்க்கும் திறக்காத தாடைக்கும் அது ஒத்துவராது. தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை சரிப்படுமா என்று டாக்டரைக் கேளுங்கள். எப்போது வாய் தேடுகிறது என்றும் அவரையே கேளுங்கள். சாப்பிட்டதும் வாய் வறண்டுபோய் ஏதாவது அடக்கத் தோன்றுகிறது என்பார்கள் சில பேர். அதற்குப் பாட்டில் தண்ணீரைக் கையிலேயே வைத்துக்கொண்டு மடக்கு மடக்காகக் குடிப்பதும், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து அடிக்கடி கொப்பளிப்பதும் நல்லது. வேறு சில பேருக்குச் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் காரணம்.

இந்தச் சும்மா இருப்பதுதான் உங்கள் வீட்டின் பெரிய பிரச்சினை என்று நான் நினைக்கிறேன். கடிதத்தை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். கணக்கு நீங்கள், கடன் நீங்கள், ஃபீஸ் நீங்கள், வரன் பேச்சு நீங்கள். அவர் செய்வதாக உள்ளது சாப்பிடுவது, தூங்குவது, டிவி பார்ப்பது மூன்றுதான். குழந்தை மாதிரி பார்த்தேன் என்கிறீர்கள். மூக்கில் ட்யூப் இருந்த நாட்களில் அது தேவைப்பட்டது. ட்யூப் எடுத்த பிறகும் நீங்கள் அந்த வேலையிலிருந்து இறங்கவில்லை. குழந்தையாக வைத்திருப்பவரிடம் புருஷனாக இரு என்றால் அவர் எங்கிருந்து வருவார்? அவருக்குத் தெரியவிடாமல் நீங்கள் சமாளிப்பது அன்புதான், சந்தேகமில்லை. அவர் பக்கத்திலிருந்து பார்த்தால், நான் இல்லாமலே எல்லாம் ஓடுகிறது என்று தெரிகிறது. அந்த ‘போய்ச் சேர்ந்திருந்தா’ எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

ஆகவே பாரத்தில் ஒரு பங்கை அவரிடம் திருப்பிக் கொடுங்கள். மனம் குளிரச் சும்மா ஒரு வேலை கொடுப்பது போல வேண்டாம், கண்டுபிடித்துவிடுவார். உண்மையாகவே உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் வேலையாகப் பாருங்கள். கணக்கு நோட்டை அவர் முன்னால் வைத்து, “இந்தக் கடன எப்படி அடைக்கறதுன்னு எனக்குத் தெரியலைங்க” என்று சொல்லுங்கள். உண்மைதானே? லாரி பாடிக்கு எஸ்டிமேட் போடுவது, மரத்தையும் தகட்டையும் பார்த்து இது தேறும் தேறாது என்று சொல்வது அவருடைய பல வருஷ அனுபவம். அதற்குத் தாடை தேவையில்லை. ஃபோனில் பேசினால் எதிராளிக்குப் புரியவில்லை என்ற கூச்சம் இருக்கும், வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பட்டும். முதலில் பட்டறைக்குக் காலை ஒரு மணி நேரம், வாடிக்கைக்காரர்கள் வராத நேரமாக. பெயிண்ட் அடிக்கும், வெல்டிங் வைக்கும் இடத்துப் பக்கம் உட்காரலாமா என்று மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கழுத்தில் அறுத்த பக்கத்துக் கை தோளுக்கு மேல் தூக்க வராமல் இருந்தால், தோளைத் தூக்கும் நரம்பு பலவீனப்பட்டிருக்கும். பிசியோதெரபியில் தேறும், அதைச் சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

மருத்துவப் பயிற்சிகளையும் அவரிடமே ஒப்படையுங்கள். வாய் எவ்வளவு திறக்கிறது? தன் விரல்கள் மூன்றை நெட்டாக அடுக்கி உள்ளே விட முடிந்தால் பரவாயில்லை. முடியாவிட்டால் தாடைப் பயிற்சி வேண்டும். ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்து, சில நாளைக்கு ஒரு குச்சி கூட்டும் பயிற்சியை ஆஸ்பத்திரியிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். விட்டால் தாடை இறுகிக்கொண்டே போகும், அப்புறம் பல் டாக்டர்கூட உள்ளே பார்க்க முடியாது. பல் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன்: ஆடுகிற பல் என்று உள்ளூரில் பிடுங்கிவிடாதீர்கள். கரண்ட் வைத்த தாடையில் பல் எடுத்தால் எலும்பு ஆறாமல் அழுகிப்போகும் ஆபத்து உண்டு. கரண்ட் வைத்த டாக்டரைக் கேட்காமல் பல்லைத் தொடக் கூடாது, இது ஆயுசுக்கும். பயிற்சிக்கு அவர் ஃபோனில் அவரே அலாரம் வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் எண்ண வேண்டாம்.

சாப்பாடு. அவர் பின்கட்டுக்குப் போவது உங்களை வெறுத்து இல்லை. அறுத்த பக்கம் உதடு மரத்துப்போயிருக்கும், ரசம் தாடையில் வழிவது அவருக்குத் தெரியாது. வழிந்ததைப் பையனோ பெண்ணோ பார்ப்பதைப் பார்த்த அன்றுதான் தெரியும். அதற்குப் பிறகு எந்த ஆம்பளை பந்தியில் உட்காருவார்? இதற்கு நான் பல பேருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு சின்ன ஏற்பாடு இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் ஒரு ஜாடை பேசி வைத்துக்கொள்ளுங்கள். வழிந்தால் நீங்கள் உங்கள் தாடையைத் தொடுங்கள், அவர் துடைத்துக்கொள்வார், யாருக்கும் தெரியாது. கல்யாண வீட்டிலும் செல்லும். முதலில் நீங்கள் இரண்டு பேர் மட்டும், பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்த பிறகு. நீங்கள் கால் மணியில் முடித்துவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்குத் தொண்டையில் இறங்காது. அவருக்கு முதலில் பரிமாறிவிட்டுக் கொஞ்சம் கழித்து நீங்கள் உட்காருங்கள், சேர்ந்து முடியும்.

தனியாக மிக்சியில் அடித்த சாப்பாட்டை முடிந்தவரை குறையுங்கள். கொங்குப் பக்கத்துச் சமையலிலேயே அவருக்கு ஒத்துவருவது நிறைய இருக்கிறது. தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகை (இடியாப்பம் மாதிரி) எச்சில் இல்லாத வாயிலும் இறங்கும். அரிசிம்பருப்புச் சாதத்தை மிளகாய் குறைத்துக் குழையவிட்டு நெய் ஊற்றினால் வீட்டில் எல்லாருமே சாப்பிடலாம். வாரத்தில் இரண்டு நாளாவது எல்லார் தட்டிலும் ஒரே பண்டம் இருக்கட்டும். அடிக்கடி புரையேறினால் மட்டும் வீட்டு வைத்தியம் பார்க்காமல், விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்கும் ஸ்பீச் தெரபிஸ்டைப் பாருங்கள். பேச்சுத் தெளிவுக்கும் அவரேதான்.

மாமியாரிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: புற்றுநோய் ஒட்டாது. எச்சில் பட்டால், ஒரே தட்டில் சாப்பிட்டால், பக்கத்தில் படுத்தால் வராது. கரண்ட் வைத்த உடம்பிலிருந்தும் யாருக்கும் எதுவும் வராது, வெளியிலிருந்து மெஷினில் வைத்த கதிர் அந்த அறையிலேயே முடிந்துவிட்டது. நீங்கள் சொல்லிக் கேட்காவிட்டால் அடுத்த செக்கப்புக்கு அத்தையையும் கூட்டிப்போய் டாக்டர் வாயால் சொல்ல வையுங்கள். அதற்கு முன்னால், உங்கள் வீட்டுக்காரர் குடித்த டம்ளரில் அத்தை பார்க்க நீங்கள் ஒரு வாய் காபி குடித்துவிடலாம். பிரசங்கத்தைவிட அது வேகமாக வேலை செய்யும்.

இப்போது திண்ணை. மருத்துவப்படி உங்கள் தாம்பத்தியத்துக்கு எந்தத் தடையும் இல்லை. கீமோ நடந்த காலத்தில் சில நாட்கள் எச்சரிக்கை சொல்லியிருப்பார்கள், அது எப்போதோ முடிந்துவிட்டது. தடை அவருடைய கூச்சத்தில் இருக்கிறது. எச்சில் வற்றிய வாயில் நாற்றம் வரும் என்று அவருக்குத் தெரியும், உங்களுக்கு அருவருப்பாக இருக்கும் என்று அவரே முடிவு செய்துகொண்டிருப்பார். நெஞ்சுச் சதையை வாய்க்குள் வைத்தால் சில பேருக்கு அங்கே முடிகூட முளைக்கும், கரண்ட் வைத்ததில் பெரும்பாலும் குறைந்துவிடும். இதையெல்லாம் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் திண்ணைக்குப் போய்விட்ட ஆண்கள் நிறையப் பேர். நீங்களோ அவர் உடம்பு நோகுமே என்று தள்ளிப் படுத்திருப்பீர்கள். அவர் அதை அருவருப்பு என்று எடுத்துக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் ஒருத்தருக்காக ஒருத்தர் ஒதுங்கி ஒதுங்கி இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள்.

உள்ளே வாங்க என்று நீங்கள்தான் கூப்பிட வேண்டும், இதில் யார் முதலில் என்ற கணக்குப் பார்த்தால் இன்னொரு வருஷம் போய்விடும். “எனக்குத் தனியாத் தூக்கம் வரலைங்க, உள்ள வந்து படுங்க” போதும். முதல் சில வாரம் அதற்கு மேல் எதுவும் எதிர்பார்க்காமல் பக்கத்தில் படுத்திருங்கள், அதை அவரிடம் சொல்லியும் விடுங்கள். கை பிடித்துக்கொள்ளலாம், முதுகு தேய்த்துவிடலாம். கழுத்துத் தழும்பைத் தேய்ப்பதை மட்டும் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். முகத்தோடு முகம் அவருக்குக் கூச்சமாக இருந்தால் அவருடைய வலது பக்கமாகப் படுத்துக்கொள்ளுங்கள், விளக்கை அணைத்துவிடுங்கள். உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றால், தைராய்டு குறைவாலும் மனச்சோர்வாலும் சில மாத்திரைகளாலும் ஆசையே குறையும், மருந்து மாற்றினால் திரும்பும். இதை டாக்டரிடம் கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி ஃபைலுக்குள் வைத்து நீட்டுங்கள். படித்துவிட்டு அவராகவே பேச்செடுப்பார்.

பெண்ணின் வரன் விஷயத்தில் என் அபிப்பிராயம் உங்கள் உறவுக்காரர்களுக்குப் பிடிக்காது. சொல்லிவிடுங்கள். அவர் முகத்திலேயே தழும்பு இருக்கும்போது மறைப்பதென்றால் அவரையே மறைக்க வேண்டும். பெண் பார்க்க வரும் அன்று அப்பா எங்கே என்றால் என்ன சொல்வீர்கள்? புகையிலையால் வாயில் வந்தது பெண்ணுக்கு இறங்கி வரும் நோய் இல்லை என்று மாப்பிள்ளை வீட்டில் தைரியமாகச் சொல்லலாம். அதையும் அவரே, அவர் குரலிலேயே சொல்லட்டும். பையனைப் பற்றி ஒரு வரியோடு விட்டுவிட்டீர்கள். அவன் சிநேகிதர்கள் வட்டத்தில் பொட்டலம் சுற்றுகிறதா என்று அப்பாவையே பேசச் சொல்லுங்கள், அவரைவிடத் தகுதியான ஆள் யார்?

உங்கள் உடம்பைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, ரத்தக் கொதிப்போடு மார்பு, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் இலவசமாகச் செய்கிறார்கள். இந்த மாதமே ஒரு நடை போய் வாருங்கள். அன்றைக்குச் சமையல் யார் என்று கேட்காதீர்கள், அவருக்குச் சோறு வடிக்கத் தெரியாவிட்டால் கற்றுக்கொள்ளட்டும்.

அடுத்த செக்கப்புக்குத் தேதி வரும்வரை காத்திருக்கக் கூடாத சில விஷயங்கள் உண்டு: இரண்டு வாரத்தில் ஆறாத புண், கழுத்தில் புதுக் கட்டி, அறுத்த பக்கம் காதுக்குள் குத்தல், திறந்துகொண்டிருந்த வாய் திடீரென்று குறைவது, காரணமில்லாமல் எடை இறங்குவது. இதில் ஒன்று வந்தாலும் உடனே கிளம்புங்கள். செக்கப் நெருங்கும் வாரத்தில் அவர் எரிந்து விழுந்தால் அது பயம், பதில் சண்டை போடாதீர்கள். சென்னைக்கு ரயிலில் போனால், சிகிச்சைக்கும் செக்கப்புக்கும் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, துணைக்குப் போகும் உங்களுக்கு 75 சதவீதம். அதற்கான படிவத்தை ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள்.

டிஎஸ்எச் ரிப்போர்ட்டும் காது ரிப்போர்ட்டும் வந்ததும் எனக்கு எழுதுங்கள். இந்தப் பதிலை அவரிடம் படிக்கக் கொடுப்பதானால் கொடுங்கள், மறைக்க இதில் எதுவும் இல்லை. நான் சொன்னதில் எது தப்பு என்று அவருக்குத் தோன்றினாலும் அவரையே எழுதச் சொல்லுங்கள்.